ஆர்னெட்டாவின் ஜெபக்குறிப்பு

சர்ச்சுக்குள்ள ஆர்னெட்டா வாயத் திறந்து நான் பார்த்ததே இல்ல. வெளிய வந்தா கதையே வேற. கோழிக் கம்பெனியில எங்க வரிசைக்கு சூப்பர்வைசரா வந்தவன் ஒருத்தன் விடாம அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போயிருக்கான். அவளும் நானும் அடுத்தடுத்த வீடு. வேலையிலயும் பக்கத்துல பக்கத்துலதான் நிப்போம். அவ நெஞ்செலும்ப எடுப்பா, நான் தொடையெலும்ப எடுப்பேன். கத்தி ஒரு பக்கம் போகும், அவ வாய் ஒரு பக்கம் போகும். புருஷன் டெட்ராய்ட்டுக்கு வேலை தேடிப் போனவன், அங்க இன்னொருத்தியத் தேடிக்கிட்டான். அதக்கூட சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. "போனவன் என் நல்ல இரும்புச் சட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டான்டீ வெர்லீன். அவன் வர வேண்டாம், சட்டி வந்தாப் போதும்."

ஞாயித்துக்கிழமை பார்க்கணும் அவள. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, பாலிஷ் போட்ட வெள்ளை ஷூ. எங்க சர்ச்சுல அவ செய்யறது வாசல் ஊழியம், வர்றவங்கள உள்ள கூட்டிப் போய் உக்கார வைக்கிற வேலை. லேசுப்பட்டது இல்ல. பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். இடது கைய முதுகுக்குப் பின்னால மடிச்சு வச்சுக்கிட்டு நிக்கணும். வலது கையில எத்தனை விரல் காட்டுறாங்களோ அத்தனை இடம் காலின்னு அர்த்தம். ஜெபம் நடக்கிறப்ப கையக் குறுக்க நீட்டிட்டா, கவர்னரே வந்தாலும் ஆமென் சொல்ற வரைக்கும் வெளியதான் நிக்கணும். பிரசங்கத்துக்கு நடுவுல பாஸ்டர் ரென்ஃப்ரோ கைக்குட்டையத் தோள்ல போட்டார்னா, தொண்டை காஞ்சு போச்சு, தண்ணி வேணும்னு சாடை. அந்தத் தண்ணி ஆர்னெட்டாவோட பொறுப்பு. அவர் கை பாக்கெட்டுக்குப் போறப்பவே இவ கிளாஸோட நடக்க ஆரம்பிச்சிருப்பா. அவருக்குத் தாகம் எடுக்கிறது அவருக்கே தெரியறதுக்கு முன்னாடி இவளுக்குத் தெரியும்னு நாங்க கேலி பண்ணுவோம்.

அவளுக்குத் தாகத்தப் பத்தித் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அவ ஒரே பிள்ளை மார்லனுக்குப் பொறந்ததுலேருந்தே சிக்கிள் செல். எங்க கறுப்பு ஜனங்களுக்கு வர்ற வியாதி அது. ரத்தத்துல இருக்கிற அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு எங்கயாவது போய் அடைச்சுக்கும். அடைச்சா வலி, ஆளு சுருண்டுருவான். அதுக்கு மருந்து மாத்திரை ஆயிரம் இருந்தாலும், முதல் மருந்து தண்ணி. உடம்புல தண்ணி குறையவே கூடாது. அதனால மத்த தாய்மார் பிள்ளையப் பார்த்ததும் சாப்பிட்டியான்னு கேட்டா, ஆர்னெட்டா "தண்ணி குடிச்சியா?"ன்னு கேப்பா. அவன் வளர்ந்து டயர் கடையில வேலைக்குப் போனதுக்கு அப்புறமும் மத்தியானம் போன் போட்டு அதத்தான் கேப்பா. "குடிச்சேம்மா, வயித்துல மீன் நீந்துது"ன்னு அவன் கத்துறது போனுக்கு வெளிய எனக்கே கேக்கும்.

அந்தப் பையன் செத்தது தண்ணியில்லாம. நான் கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல.

ரெண்டு ஜில்லா தள்ளி ஒரு ரோட்டுல அவன் காரோட பின்விளக்கு எரியலன்னு நிறுத்தியிருக்காங்க. பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தா, எப்பவோ ஒரு தடவை கோர்ட்டுக்கு வராம விட்டிருக்கான்னு வந்துச்சு. உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க. அங்க வலி வந்துருச்சு. ராத்திரி பூரா கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டிருக்கான், "சார், கொஞ்சம் தண்ணி, சார்"னு. வார்டன் வந்து அந்த வார்த்தையச் சொல்லி, வாய மூடுடான்னுட்டுப் போனான். காலையில பார்த்தப்ப பையன் விறைச்சுக் கிடந்தான். எல்லாம் நடைபாதை கேமராவுல பதிவாகியிருந்துச்சு, குரலோட. கேஸ் நடந்துச்சு. அந்த டேப்பப் போடறப்ப ஆர்னெட்டா கோர்ட்ட விட்டு வெளிய வந்து படியில உக்காந்துக்கிட்டா, கேக்க மாட்டேன்னுட்டா. ஜூரி என்ன சொன்னாங்க? கவனக்குறைவாம், குற்றமில்லயாம். வார்டன் வீட்டுக்குப் போய் சோறு தின்னான். 

அடிமைக் காலத்துலேருந்து வெள்ளைக்காரன் எங்க ஜனங்களக் கேவலமாக் கூப்பிடற வார்த்தை அது, எதுன்னு உங்களுக்கே தெரியும். நான் சொல்ல மாட்டேன். சொல்லாத உத்தமியான்னு கேட்டா, அதுவும் இல்ல. எங்க வீட்டு அடுப்படியில அந்த வார்த்தை உப்பு மாதிரி புழங்கியிருக்கு. என் புருஷனக் கொஞ்சறப்பவும் அதான், திட்டறப்பவும் அதான். பாஸ்டர் ஒரு தடவை அந்த வார்த்தைக்கு சவ அடக்கமே நடத்தினார்! நிஜமாத்தான். சின்னச் சவப்பெட்டி செஞ்சு, அதுக்குள்ள வார்த்தைய ஒரு காகிதத்துல எழுதிப் போட்டு, பாட்டுப் பாடி, சர்ச்சுக்குப் பின்னால குழி தோண்டிப் புதைச்சோம். அடக்கத்துக்கு வந்தவங்களுக்குப் பொரிச்ச கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் போட்டோம். அந்தச் சாலட் செரிக்கறதுக்குள்ள, சாயங்காலம் சீட்டாட்டத்துல தோத்த என் புருஷன் எதிராளிய அதே வார்த்தையில கூப்பிட்டான். "டேய், காலையிலதான்டா புதைச்சோம்"னேன். "மூணாம் நாள் உயிர்த்தெழும்னு சொன்னாங்க, இது கொஞ்சம் சீக்கிரமா எந்திரிச்சிருச்சு"ங்கிறான் பாவி. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு.

அப்புறம் வந்துச்சு அந்தப் பாட்டு.

பாடினவன் வேற யாரும் இல்ல, எங்க தெருப் பையன் டெக்வான். யங் டீக்கன்னு பேர் வச்சுக்கிட்டு அட்லாண்டாவுல போய்ப் பெரிய ஆளாயிட்டான். தாத்தா எங்க சர்ச்சுல டீக்கனா, மூப்பர் மாதிரி, இருந்தார், அந்தப் பேர எடுத்து இவன் கழுத்துச் சங்கிலியில தொங்க விட்டுக்கிட்டான். சின்னதுல அவனும் மார்லனும் ஒண்ணா வாசல் ஊழியம் பழகினவங்க. ஆர்னெட்டாதான் சொல்லிக் கொடுத்தா. ஞாயித்துக்கிழமை சாப்பாடு அவனுக்கு அவ வீட்டுலதான்.

அவன் அந்த டேப்ப எடுத்துட்டான். கோர்ட்டு டேப்பு ஊருக்குப் பொது, யாரு வேணா எடுக்கலாம்னு வக்கீலும் சொல்லிட்டான். பாட்டு எடுத்த எடுப்புல மார்லன் குரல். "சார், கொஞ்சம் தண்ணி, சார்." அடுத்து வார்டன் குரல்ல அந்த வார்த்தை. அது விழுந்த இடத்துல டம்முனு மேளம். அப்புறம் பாட்டு பூரா டெக்வான் அதே வார்த்தையத்தான் திருப்பித் திருப்பி அடிக்கிறான். பாட்டுக்குப் பேரும் அந்த வார்த்தையேதான்.

ஆர்னெட்டா அது எதுவும் தெரியாம கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. ரோட்டுல ஒரு கார் வந்து நின்னுச்சு, கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டு, சத்தம் காதப் பிளக்குது. நான் சமையக்கட்டு ஜன்னல்லேருந்து பார்க்கிறேன். இவ கையில இருந்த துணியப் போட்டுட்டு, "வர்றேன்டா, இரு, வர்றேன்"னு ரோட்டப் பார்க்க ஓடறா. பிள்ளை தண்ணி கேட்டுட்டானாம். வாசக் கேட்டுக்குப் போறதுக்குள்ள அந்த வார்த்தை விழுந்துச்சு, மேளம் விழுந்துச்சு. அப்படியே கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. கார்ல இருந்த பசங்க எங்க ஜனத்துப் பசங்கதான். தலைய ஆட்டிக்கிட்டே போயிட்டானுங்க.

அன்னைக்கு அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இன்னைக்கு வரைக்கும் அதேதான். "என் பிள்ளை குரல அதுலேருந்து எடுக்கச் சொல்லு வெர்லீன். மத்தத அவன் என்னமும் பண்ணிட்டுப் போகட்டும்." டெக்வானுக்குப் போன் போட்டா. மேனேஜர்னு ஒருத்தன் எடுத்து, ரொம்ப மரியாதையா, அப்புறம் கூப்பிடறோம்மான்னான். அந்த அப்புறம் இன்னும் வரல.

ஆனா ஊர்ல என்ன பேச்சு? அந்த வார்த்தை! டிவியில அந்த வார்த்தை, முடி திருத்தற கடையில அந்த வார்த்தை, கோழிக் கம்பெனி சாப்பாட்டு ரூம்ல அந்த வார்த்தை. நம்ம பையன் அதப் பாட்டுக்குப் பேரா வைக்கலாமா கூடாதா, நமக்குள்ள சொன்னா ஒண்ணு, வெள்ளைக்காரன் சொன்னா வேறயா, அவன் வாயிலேருந்து பிடுங்கி நம்ம ஆயுதமாக்கிட்டோம்கிறது நிஜமா பொய்யான்னு ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஒரு நாயாவது அந்தத் தாயப் போய்க் கேட்டுச்சா?

பாஸ்டர் சர்ச்சுலயே ஒரு விவாதக் கூட்டம் போட்டார். டெக்வானும் வந்தான், சும்மா சொல்லக் கூடாது, தைரியமா வந்தான். யூனிவர்சிட்டியிலேருந்து ஒரு அம்மா வந்து கறுப்பு உடுப்புல நடுவுல உக்காந்தாங்க. சர்ச்சு நிரம்பி வழியுது. அன்னைக்கு வாசல் முறை யாருக்கு? ஆர்னெட்டாவுக்கு. "இன்னைக்கு ஒரு நாள் நான் நிக்கறேன்டீ, நீ வீட்டுல இரு"ன்னேன். "என் முறைய நான் என்னைக்குடீ விட்டிருக்கேன்?"னு கையுறைய இழுத்து மாட்டிக்கிட்டா. அவ மனசுல வேற கணக்கு இருந்துச்சு. போன்ல கிடைக்காதவன் நேர்ல கிடைப்பான்ல.

பாஸ்டர் ஆரம்பிச்சார். "தம்பி, நம்ம தாத்தன்மார மரத்துல தொங்க விட்டவன் அந்த வார்த்தையச் சொல்லித்தான் தொங்க விட்டான். நீ அதுக்குத் தாளம் போடறே."

"பாஸ்டர், மார்லன்கிட்ட அதச் சொன்னது நான் இல்லயே, அந்த வார்டன்தான?"ன்னான் டெக்வான். "நீங்க அத குழியில போட்டு மூடினீங்க. ஜெயிலுக்குள்ள அது உயிரோடதான் இருக்கு. நான் ஊர் காதுல விழ வச்சேன். கேக்கறவங்களுக்கு வலிக்கட்டும்."

இளவட்டங்க கைதட்டுது. பெரியவங்க தலைய ஆட்டறாங்க. அந்த யூனிவர்சிட்டி அம்மா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு ரொம்ப நேரம் சொன்னாங்க. எனக்குக் கொட்டாவி வந்துச்சு. அப்பத்தான் பாஸ்டர், எல்லாரும் ஒரு தடவை கேட்டுட்டுப் பேசலாம்னு பாட்டப் போடச் சொன்னார். வாசல மூடச் சொல்லிக் கைச்சாடை காட்டினார். ஆர்னெட்டா மூடினா. உள்பக்கமா நின்னு, இடது கைய முதுகுக்குப் பின்னால மடிச்சு வச்சுக்கிட்டு நின்னா. கோர்ட்டுல எந்திரிச்சு வெளிய போனவளுக்கு, இங்க போக வழியில்ல. வாசல்தான் அவ பொறுப்பாச்சே.

"சார், கொஞ்சம் தண்ணி, சார்."

யாரும் அசையல. அடுத்து அந்த வார்த்தை வந்துச்சு. அப்பத்தான் சர்ச்சு முழுக்க "ஐயோ கர்த்தாவே"ன்னு ஒரே கூச்சல். நான் இதக் கண்ணால பார்த்தேன். பிள்ளை தண்ணி கேட்டதுக்கு ஒருத்தர் வாயும் திறக்கல, அந்த வார்த்தைக்குத்தான் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டாங்க.

பாட்டு முடிஞ்சதும் டெக்வான் பேச வாயெடுத்தான், குரல் வரல. இருமினான். "யாராவது கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"ன்னு மைக்குல கேட்டான். ஆர்னெட்டா நடந்து போனா. வெள்ளை நாப்கின் விரிச்ச தட்டுல கிளாஸ வச்சு, முறைப்படி ரெண்டு கையாலயும் நீட்டினா. அவன் வாங்கினான். சாடைப்படி அவ திரும்பி வரணும். வரல.

"குடி"ன்னா. சர்ச்சுக்குள்ள அவ குரல நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீ ஒரு வாட்டிதான் கேட்ட டெக்வான். வந்துருச்சு பாரு."

அவன் குடிக்கல. 

"நீ அந்த வார்த்தையச் சொல்லு, சொல்லாத, அது உன் பாடு. என் பிள்ளை குரல மட்டும் எடுத்துரு. அவன் செத்தாச்சு. இன்னும் எத்தன பேர் கார்ல அவன் தண்ணி கேக்கணும்?"

"மிஸ் ஆர்னெட்டா..." அவன் கண்ணு கலங்கிருச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். "அவன் குரல் இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல. அவன யாரும் மறந்துரக் கூடாதுன்னுதான் நான்..."

"யாருடா மறந்தா? நான் மறந்தேனா?"

பாஸ்டர் குறுக்க வந்தார். "சிஸ்டர், உங்க துக்கம் எங்க எல்லாருடைய துக்கம். ஆனா இன்னைக்கு நாம கூடியிருக்கிறது அந்த வார்த்தையப் பத்திப் பேச." சொல்லிட்டு, உள்ளங்கைய கீழ பார்க்க வச்சு லேசா அசைச்சார். ஊழியக்காரங்க அவங்கவங்க இடத்துக்குத் திரும்பணும்னு சாடை. ஏழு வயசுலேருந்து பழகின உடம்பு அது. ஆர்னெட்டா கை தானா முதுகுக்குப் பின்னால போச்சு. திரும்பி நடந்து வந்து வாசல்ல நின்னுட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கப் பிடுங்கிப் பாஸ்டர் தலையில ஒண்ணு போட்டிருப்பேன். என் கையும் சும்மாதான் இருந்துச்சு, என்ன சொல்ல.

விவாதத்துல யாரு ஜெயிச்சா? பாஸ்டர்தான். ரேடியோக்காரங்க, கம்பெனிக்காரங்கன்னு எல்லாரையும் பிடிச்சுப் பேசி, டெக்வானையும் சம்மதிக்க வச்சு, பாட்டுக்கு ஒரு சுத்தமான பதிப்பு கொண்டு வந்துட்டார். பேர மாத்தியாச்சு. பாட்டு பூரா அந்த வார்த்தைய வெட்டியாச்சு. வார்டன் சொன்ன இடத்துலயும் வெட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை இத அறிவிச்சப்ப சர்ச்சே எந்திரிச்சு நின்னு அல்லேலூயா போட்டுச்சு, ஆர்கன் முழங்குச்சு. பாஸ்டர் மகிழ்ச்சியில கைக்குட்டையத் தோள்ல போட்டார். ஆர்னெட்டா தண்ணி கொண்டு போய்க் கொடுத்தா.

அந்த வாரமே ஆரம்பிச்சுச்சு. முன்னாடி அந்தப் பாட்டு கார்லதான் வரும், ஜன்னல மூடிட்டு டிவிய சத்தமா வச்சுக்கலாம். ரேடியோவுல வராது, கடையில வராது. இப்பத்தான் சுத்தமாயிருச்சே! காலையில ரேடியோவுல, பெட்ரோல் பங்க்குல, பஸ்ஸுல, பல் டாக்டர் கிளினிக்குல, கோழிக் கம்பெனி சாப்பாட்டு ரூம்ல. வார்த்தைய வெட்டின இடத்துல சின்னதா ஒரு அமைதி. அந்த அமைதிக்கு முன்னாடி மார்லன் குரல் முன்னைக்கு இப்ப இன்னும் தெளிவாக் கேக்குது. ஆர்னெட்டா கம்பெனியில பேசறத விட்டுட்டா. மத்தியானம் சோத்துப் பொட்டியத் தூக்கிட்டு, குளிரோ மழையோ, லாரி நிக்கிற இடத்துல போய் உக்காந்து தின்னா. நானும் கூடப் போய் உக்காந்தேன்.

ஒரு சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். கீரைக்கட்டு ரெண்டு, புகை போட்ட வான்கோழிக் கழுத்து, சோள மாவு, அவ்வளவுதான் வாங்கணும். மேல ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டு. நான் வண்டியத் திருப்பலாம்னு பார்க்கிறேன். எதிர்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, தள்ளுவண்டியில நாலு வயசுக் குழந்தைய உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டு வருது. குழந்தை கால ஆட்டிக்கிட்டு, தாளம் தப்பாம, கூடவே பாடுது: "சார், கொஞ்சம் தண்ணி, சார்!" அப்புறம் அந்த அமைதி. அப்புறம் தள்ளுவண்டிக் கம்பியில குட்டிக் கையால டம்முனு ஒரு அடி. தாய்க்காரி எங்களப் பார்த்துச் சிரிச்சா, என் குழந்தை எவ்வளவு சமத்துன்னு.

ஆர்னெட்டா வண்டிய அங்கயே விட்டுட்டு வெளிய போயிட்டா. நான் ஓடிப் போய்ப் பார்த்தா, கார்ல உக்காந்து நேரா பார்த்துக்கிட்டு இருக்கா.

"வெர்லீன், அந்த வார்த்தை உள்ள இருந்திருந்தா, அந்தப் பொம்பளை அதத் தன் குழந்தை காதுல விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா."

"கடைக்காரன் போட்டிருப்பானா?"

"போட்டிருக்க மாட்டான்டீ."

 வீடு வந்ததும் ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் போட்டா. அந்தப் பாட்டுல எடுத்த வார்த்தையத் திரும்பப் போடுங்கன்னு கேட்டா. எடுத்தவன் சின்னப் பையன், சிரிச்சுட்டான். "அம்மா, அது கெட்ட வார்த்தைம்மா. உங்கள மாதிரி சர்ச்சுக்குப் போற அம்மாங்க எத்தன பேர் போராடி எடுக்க வச்சாங்க தெரியுமா?"ன்னான்.

புதன்கிழமை சாயங்காலம் எங்க சர்ச்சுல ஜெபக்கூட்டம். அவங்கவங்க எந்திரிச்சு ஜெபக்குறிப்பு சொல்லுவாங்க. முட்டி ஆப்பரேஷன், மகன் வேலை, மருமக பிரசவம், இப்படி. சொன்னதும் எல்லாரும் ஆமென்னு சேர்ந்து சொல்லணும், அதுதான் வழக்கம். அன்னைக்கு ஆர்னெட்டா வெள்ளை உடுப்பு போடல, கையுறை மாட்டல. கம்பெனி உடுப்போட வந்து என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தா. அவ முறை வந்துச்சு, எந்திரிச்சா.

"என் ஜெபக்குறிப்பு. அந்தப் பாட்டுல அந்த வார்த்தையத் திரும்பப் போடணும். அதுக்காக சபை ஜெபிக்கணும்."

 பாஸ்டர் முகத்துல ஈயாடல. "சிஸ்டர் ஆர்னெட்டா, நீங்க மனசு ரொம்ப நொந்து போயிருக்கீங்க. வேற ஏதாவது..."

"வேற ஒண்ணும் இல்ல பாஸ்டர். அந்த வார்த்தை இருந்த வரைக்கும் பாதி ஊர் அந்தப் பாட்ட வீட்டுக்குள்ள விடல. நீங்க அத எடுத்துட்டு எல்லா வாசலையும் திறந்து விட்டுட்டீங்க. இப்ப என் பிள்ளை ஊர் பூரா தண்ணி கேக்கறான். குழந்தைங்க கூடச் சேர்ந்து பாடுது."

சொல்லிட்டு ஆமெனுக்குக் காத்துக்கிட்டு நின்னா. யாரும் சொல்லல. அந்த வார்த்தைக்காக ஜெபிக்க யாருக்கு நாக்கு வரும்? நான் சொன்னேன். சத்தமா, மூணு பெஞ்சு திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஆமென்"னு சொன்னேன். அவ உக்காந்தா.

பாஸ்டர் ஏதோ வசனம் சொல்ல வாயெடுத்தார். தொண்டை கட்டிக்கிச்சு. பழக்க தோஷம், கை பாக்கெட்டுக்குப் போய்க் கைக்குட்டைய எடுத்துத் தோள்ல போட்டார். போட்ட பிறகுதான் யாரப் பார்த்துப் போட்டோம்னு அவருக்கே உறைச்சிருக்கும். ஆர்னெட்டா அதப் பார்த்தா. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, இடத்த விட்டு அசையாம உக்காந்திருந்தா. தண்ணி ஜாடி வாசப் பக்கத்து மேசையிலயே இருந்துச்சு, யாரும் எந்திரிக்கல.